புண்பட்ட மனமும் குறிவைக்கப்பட்ட மனிதரும்

இணையத்தில் பரவும் வெறுப்புப் பேச்சை ஒடுக்கப் புதிய சட்டம் வேண்டும் என்ற குரல் அடிக்கடி எழுகிறது. நம்மிடம் ஏற்கெனவே உள்ள சட்டம் எச்சூழலில் பிறந்தது என்பதை அப்போதெல்லாம் நினைவுகூர வேண்டும். அவ்வரலாறு 1920களின் லாகூருக்கு இட்டுச் செல்கிறது.

நபிகள் நாயகத்தின் இல்லற வாழ்வை இழிவுபடுத்திய 'ரங்கீலா ரசூல்' என்ற சிறுநூல் அங்கே ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. பதிப்பாளர் ராஜ்பால் மீது இந்திய தண்டனைச் சட்டத்தின் 153-அ பிரிவில் வழக்குத் தொடரப்பட்டது. மக்கள் பிரிவினரிடையே பகையை வளர்ப்பதைத் தண்டிக்க 1898இல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. கீழமை நீதிமன்றங்கள் அவரைத் தண்டித்தன. 1927 மே மாதத்தில் உயர் நீதிமன்ற நீதிபதி தலீப் சிங் விடுவித்தார். மறைந்த சமயத் தலைவரைத் தாக்கி எழுதுவது, எவ்வளவு இழிவானதாயினும், அப்பிரிவுக்குள் அடங்காது என்றார். சில மாதங்களில் அதே நீதிமன்றத்தின் அமர்வு வேறொரு வழக்கில் மாறான நிலைப்பாட்டை எடுத்தது. ஆயினும் கொந்தளிப்பு தணியவில்லை. அவ்வாண்டே 295-அ பிரிவு இயற்றப்பட்டது.

மசோதா விவாதத்தில், வரலாற்று ஆய்வும் நேர்மையான சமய விமரிசனமும் காக்கப்பட வேண்டும் என்று ஜின்னா எச்சரித்தார். 1929 ஏப்ரலில் ராஜ்பால் குத்திக் கொல்லப்பட்டார். கொலையாளியின் மேல்முறையீட்டில் வாதாடியவர் அதே ஜின்னா.

153-அ மனிதரிடையே எழும் பகையை நோக்கியது. 295-அ சமய உணர்வைக் காவற்பொருளாக்கியது. தீய நோக்குடன் வேண்டுமென்றே செய்யப்படும் அவமதிப்பை மட்டுமே அது தண்டிக்கிறது என்று கூறி, 1957இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது.

பன்னாட்டு மனித உரிமைச் சட்டம் வேறு வழியில் சென்றது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான 1966ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 20ஆம் உறுப்பு, பாகுபாடு, பகைமை, வன்முறை ஆகியவற்றுக்குத் தூண்டுவதாக அமையும் வெறுப்புப் பரப்புரையைத் தடைசெய்யக் கோருகிறது. இந்தியா 1979இல் அதில் இணைந்தது. 2012ஆம் ஆண்டின் ரபாத் செயல்திட்டம் ஆறு அளவுகோல்களை வகுத்தது: சூழல், பேசுபவரின் நிலை, நோக்கம், உள்ளடக்கம், பரவல், தீங்கு நிகழும் வாய்ப்பு.

இணையத்துக்கென நாம் இயற்றிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-அ பிரிவோ, 'எரிச்சல்', 'அசௌகரியம்' ஆகியவற்றையே குற்ற அளவுகோலாக்கியது. 2012இல் மும்பை முழு அடைப்பைக் குறித்த முகநூல் பதிவுக்காகவும், அதற்கு விருப்பக்குறி இட்டதற்காகவும் இரு இளம்பெண்கள் கைதாயினர். 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில், விவாதம், ஆதரித்துப் பேசுதல், தூண்டுதல் ஆகிய மூன்றையும் வேறுபடுத்திக் காட்டி, உச்ச நீதிமன்றம் அப்பிரிவை நீக்கியது. அதன் பின்னும் அதன்கீழ் வழக்குகள் தொடர்ந்ததால், 2022இல் மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

பழைய இரு பிரிவுகளும் இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 196, 299 என்ற எண்களில் நிலைக்கின்றன. உணர்வை அளவுகோலாக்கும் சட்டம், உரக்கக் கொந்தளிக்கும் வலிமை உடையோர்க்கே எளிதில் பயன்படும். வசைக்கும் அச்சுறுத்தலுக்கும் அன்றாடம் இலக்காகும் சிறுபான்மையினரும் தலித்துகளும் பெண்களும் அவ்வலிமை அற்றோர். ஆகவே, அடுத்த சட்ட முன்வரைவு எது வந்தாலும், யார் மனம் புண்பட்டது என்பதற்கு முன்பாக, யாருக்கு என்ன தீங்கு நேரக்கூடும் என்று அது கேட்கிறதா எனப் பார்ப்போம்.