தெஷிமா: பழைய கார்களின் மிச்சத்தைச் சுமந்த தீவு

ஓடி முடிந்த காரைக் காயலான் கடைக்குக் கொடுத்ததோடு கதை முடிந்தது என்றே நாம் எண்ணுகிறோம். இயந்திரம், பேட்டரி, டயர் ஆகியவை கழற்றி விற்கப்படும். கூடு இரும்பாகி உலைக்குப் போகும். ஆனால் இருக்கைக்குள் இருந்த பஞ்சும், கண்ணாடித் தூளும், மின்கம்பிகளின் மேலுறையும் எங்கே போகின்றன? இவ்வினாவுக்கு இருபதாம் நூற்றாண்டு அளித்த விடைகளுள் மிகக் கசப்பான ஒன்று ஜப்பானின் செத்தோ உள்நாட்டுக் கடலில், தெஷிமா என்னும் சிறு தீவில் கிடைக்கிறது.

முதலில் இயந்திரத்தைப் பற்றி ஒரு சொல். 1930இல் ஹென்றி ஃபோர்டு தம் ரூஜ் ஆலையில், கார்களைப் பூட்டும் வரிசையைத் தலைகீழாக்கியதுபோல், பழைய கார்களைப் பிரிக்கும் வரிசை ஒன்றைத் தொடங்கினார். கையால் பிரிக்கும் அம்முறை இலாபம் தரவில்லை. 1950களின் இறுதியில் டெக்ஸஸில் உருவான ஷ்ரெடர் என்னும் நொறுக்கு இயந்திரம் அச்சிக்கலுக்கு வேறு வழி கண்டது. பிரிக்கவே வேண்டாம், சுழலும் சம்மட்டிகள் காரை நொடிகளில் துண்டுதுண்டாக்கும், காந்தம் இரும்பைப் பொறுக்கிக்கொள்ளும். திறமையான ஏற்பாடுதான். ஆனால் காரின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, பிளாஸ்டிக்கும் ரப்பரும் எண்ணெய்ப் பிசுக்கும் ஈயமும் கலந்த குப்பையாக மிஞ்சியது. ஷ்ரெடர் தூசி என்று அதற்குப் பெயர்.

தெஷிமா என்பதை எழுதும் எழுத்துகளுக்கு 'வளமான தீவு' என்று பொருள். ஊற்று நீரும் அடுக்கு வயல்களும் மீன்பிடியும் உடைய ஊர் அது. 1975இல் தீவின் மேற்கு முனையில் நிலம் வைத்திருந்த ஒருவர் தொழிற்கழிவுகளைக் கொண்டுவர அனுமதி கேட்டார். மக்கள் எதிர்த்தனர், வழக்கும் தொடுத்தனர். அவர் தம் விண்ணப்பத்தை மாற்றி, காகித ஆலைச் சேறு முதலியவற்றைக் கொண்டு மண்புழு வளர்க்கப் போவதாகச் சொன்னார். மண்புழு, நம் பழைய சொல்லில் நாங்கூழ், உழவனின் தோழன் அல்லவா? 1978இல் ககாவா மாகாண ஆளுநர் அனுமதி வழங்கினார்.

1980களில் அங்கே வந்து இறங்கியது புழுவுக்கான தீனி அன்று. கன்சாய் வட்டாரத் தொழில் நகரங்களிலிருந்து ஷ்ரெடர் தூசியும் கழிவு எண்ணெயும் படகு படகாக வந்தன. எண்ணெய் ஊற்றி வெட்டவெளியில் எரித்தார்கள். புகையால் இருமல் என்று மக்கள் முறையிட்டபோது, அது கழிவே அன்று, உலோகம் பிரித்தெடுப்பதற்கான மூலப்பொருள் என்று மாகாண அதிகாரிகள் விளக்கம் தந்தார்கள். அந்த விளக்கத்தின் ஆதாரம் ஒரு கணக்குத் தந்திரம். தூசியை அவர் காசு கொடுத்து 'வாங்கினார்'. அதைவிடப் பன்மடங்கு தொகையைப் 'போக்குவரத்துக் கூலி' என்று பெற்றுக்கொண்டார். மறுசுழற்சி என்னும் நல்ல சொல் இவ்வளவு எளிதாக விலைபோனதை நினைக்கையில், மொழி கற்பிக்கும் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது.

1990 நவம்பரில் சோதனையிட வந்தது ககாவா காவல்துறை அன்று; கடலுக்கு அப்பாலுள்ள ஹியோகோ மாகாணக் காவல்துறை! மறு ஆண்டு உரிமையாளர் தண்டிக்கப்பட்டார். குப்பை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. மண்ணில் ஈயமும் பிசிபியும் டயாக்சினும் கண்டறியப்பட்டன; கசிவு கடலை நோக்கிச் சென்றது. 1993இல் தீவு மக்கள், வழக்கறிஞர் நகபோ கோஹெயின் துணையோடு, மாகாண அரசையும் கழிவு அனுப்பிய நிறுவனங்களையும் எதிர்த்துச் சமரச விசாரணை கோரினர். வயது முதிர்ந்தவர்கள் படகேறிச் சென்று மாகாண அலுவலக வாசலில் மாதக்கணக்கில் நின்றார்கள். மாகாணத்தின் ஊர்தோறும் போய்க் கூட்டம் போட்டுப் பேசினார்கள். 2000 ஜூன் 6ஆம் நாள் ஆளுநர் மக்கள்முன் மன்னிப்புக் கேட்க, உடன்பாடு கையெழுத்தாயிற்று. மனுதாரர் 549 பேரில் 69 பேர் அந்நாளைக் காணாமலே இறந்துவிட்டிருந்தனர்.

அந்தத் தீவின் பெயர் அதற்குள் ஜப்பான் முழுதும் தெரிந்திருந்தது. 2002இல் இயற்றப்பட்டு 2005 ஜனவரியில் முழுமையாக நடைமுறைக்கு வந்த வாகன மறுசுழற்சிச் சட்டத்தின் பின்னணியில் தெஷிமா நிற்கிறது. புதிய கார் வாங்கும்போதே அதன் ஈமச் செலவையும் கட்டிவிட வேண்டும் என்கிறது அச்சட்டம். ஷ்ரெடர் தூசி, காற்றுப்பை, குளிர்சாதன வாயு ஆகிய மூன்றையும் ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு உற்பத்தியாளருடையது.

இதைவிட எனக்குச் சுவையாகத் தோன்றுவது தொழில்முறையில் நேர்ந்த திருப்பம். உருக்கில் கலந்துவிட்ட செம்பை உலையில் பிரிப்பது மிகக் கடினம். செம்பு மிகுந்தால் உருக்கு வெடிக்கும் தன்மை பெறும். ஆகவே மின்கம்பிகளை முன்னதாகவே உருவிவிட்டால், நொறுக்காமலே கூட்டை அழுத்திக் கட்டியாக்கி நேரே உலையில் இடலாம், தூசியே பிறக்காது. கிட்டாக்யூஷுவில் 2000இல் இயங்கத் தொடங்கிய ஆலை ஒன்று இதையே செய்தது. தொழிலாளர் வரிசையாக நின்று காரைக் கையால் பிரிக்கிறார்கள். ஃபோர்டு கைவிட்ட வரிசை, எழுபது ஆண்டுகளுக்குப் பின்!

தெஷிமாவின் குப்பை, அருகிலுள்ள நவோஷிமா தீவுக்குக் கப்பலில் கொண்டுசெல்லப்பட்டு 2003 முதல் உருக்கப்பட்டது. கசடு கட்டுமானத்துக்குப் போயிற்று. செம்பும் அலுமினியமும் மீட்கப்பட்டன. 2017இல் கடைசிச் சுமை புறப்பட்டபோது, அசுத்த மண்ணும் சேர்த்து மொத்தம் ஏறத்தாழ 9 இலட்சம் டன். அத்தீவில் 2010இல் திறக்கப்பட்ட கலைக்கூடத்தைக் காண உலகெங்குமிருந்து பயணிகள் வருகிறார்கள். 2018இல் அந்த மேற்கு முனையைத் தோண்டியபோது, முடிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட இடத்திலேயே, மேலும் கழிவு அகப்பட்டது.