பஞ்சின் வரலாறும் நெசவாளர் கடனும்

தறியில் அமர்வோன் கைக்கு வந்து சேர்வது நூல். அந்நூலுக்கு முன்னே பஞ்சும், அப்பஞ்சுக்கு முன்னே விதையும் உள்ளன என்பதை நம்மில் எத்துணைப் பேர் நினைக்கின்றோம்? ஊரிலே விளைந்த பஞ்சு ஊரிலேயே நூலாகிய காலத்தில், நெய்வோனுக்கும் நூற்போருக்கும் உழுவோனுக்கும் இடையே தூரம் இல்லை. இன்றோ, கட்டின் மேல் ஒட்டிய சீட்டிலுள்ள நம்பரைக் கண்டு நாம் நூல் வாங்குகின்றோம். அது எந்த மண்ணின் பஞ்சு என்று வினவுவதுமில்லை, வினவினால் விடை சொல்வாருமில்லை. இந்நிலை எவ்வாறு விளைந்தது என்பதைச் சரித்திர வாயிலாக எடுத்துரைப்பதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

நம் மொழியில் நூல் என்னும் ஒரு சொல்லே இழைக்கும் ஏட்டுக்கும் பெயராய் நிற்றல் யாவரும் அறிந்தது. பவணந்தி முனிவர் தமது நன்னூலில் இவ்வொப்புமையை விரித்து, சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அறிவைக் கதிராகவும் உருவகித்துள்ளார். கற்றோர் அவையிலே உவமையாகக் காட்டுமளவுக்கு நூற்றல் தொழில் வீடுதோறும் விளங்கியிருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இனி நாரின் இயல்பைச் சிறிது ஆராய்வோம். ஆடைக்கு உதவும் இயற்கை நார்கள் பிராணிகளால் வருவன, தாவரங்களால் வருவன என இருதிறப்படும். ஆட்டு மயிரும் பட்டும் முன்னவை. பருத்தியும் ஆளியும் சணலும் பின்னவை. ஒவ்வொரு நாரும் தனக்குரிய தொழிலைத் தானே தேடிக்கொள்கின்றது. ஆட்டு மயிர் சுருள் உடையது. இழுத்துவிட்டால் மீண்டும் சுருங்கும். ஆதலின் வளையம் வளையமாகக் கோக்கும் பின்னல் வேலைக்கு அது மிகவும் இணங்கும். பட்டுப்புழு தன் கூட்டைச் சுற்றி விடும் இழையோ பல நூறு கெஜம் அறாமல் ஓடுவது. அதனால் நூற்றலின்றியே பல கூட்டின் இழைகளை ஒன்றுசேர்த்துப் பட்டுநூல் எடுக்கின்றனர்.

பருத்தி இவ்விரண்டினும் வேறானது. அது விதையின் தோலில் முளைக்கும் மயிர். ஒவ்வொரு மயிரும் ஒரே உயிரணுவின் நீட்சி. காய் வெடித்து வெயிலிற் காயும்போது, உள்ளே துளையுடைய அம்மயிர் தட்டையாகி, தானே முறுக்கிக்கொள்கின்றது. அவ்வியற்கை முறுக்கே ஒரு மயிரை மற்றொரு மயிருடன் பிணைத்து நூலாக நிற்கச் செய்வது.

இப்பருத்தியைப் பயன்படுத்துவதில் நம் நாடு மிகத் தொன்மை வாய்ந்தது. பலூசிஸ்தானத்தில் மெஹர்கர் என்னுமிடத்தில் செப்பு மணியொன்றின் உள்ளே பருத்தி இழைகள் எஞ்சியிருக்கக் கண்டனர், அவை கி. மு. ஆறாவது ஆயிரத்தைச் சேர்ந்தவை என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. மொகஞ்சதாரோவை 1920-களில் அகழ்ந்தபோது வெள்ளிக் கலமொன்றில் ஒட்டிய பருத்தித் துணித் துண்டு கிடைத்தது. செங்கடற்கரையில் எகிப்து தேசத்துப் பெரனிகே துறையில் இந்தியப் பருத்தித் துணிகளின் எச்சங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. எகிப்திலேயே பிற்காலத்தில், மத்திய காலத்தைச் சேர்ந்த பின்னற் காலுறைகளும் கிடைத்துள்ளன. உலகில் இன்றளவும் எஞ்சியுள்ள மிகப் பழைய பின்னல் வேலைகளுள் அவையும் சேரும். அவை ஆட்டு மயிரால் அன்றி, வெண்மையும் அவுரி நீலமும் கலந்த பருத்தி நூலாலேயே பின்னப்பட்டன என்பது கருதத்தக்கது.

உலகில் பயிராகும் பருத்தி நான்கு இனம். அவற்றுள் இரண்டு ஆசியா, ஆப்பிரிக்கா என்னும் பழைய உலகத்துக்கு உரியன. மற்ற இரண்டு அமெரிக்காவுக்கு உரியன. நம் கரிசல் நிலத்துக் கருங்கண்ணியும் உப்பமும் முன்னைய இரண்டைச் சார்ந்தவை. இவற்றின் மயிர் பெரும்பாலும் குட்டையானது. அமெரிக்கப் பருத்தியின் மயிரோ ஓர் அங்குலத்தை எட்டியும் கடந்தும் நீளும். இவ்வளவே வேற்றுமை. எனினும் இச்சிறு வேற்றுமையே பிற்காலத்தில் பல கோடி மக்களின் வாழ்வை மாற்றிற்று.

குட்டைப் பஞ்சு தாழ்ந்த பஞ்சு என்று கருதுவோர் டாக்கா மஸ்லினை நினைத்தல் வேண்டும். மேகனா நதிக்கரையில் விளைந்த புட்டி கார்பாஸ் என்னும் பருத்தியும் நம் நாட்டுக் குட்டை இனமே. காற்றிலே ஈரம் மிகுந்த காலை மாலைப் பொழுதுகளில், பெண்கள் அதனைக் கதிரில் நூற்று, உலகம் வியந்த மெல்லிழையாக்கினர். விரல் நுனி, மயிரின் குறைநிறையை உணர்ந்து, வேண்டுமிடத்து முறுக்கேற்றி, வேண்டுமிடத்து நெகிழவிடும். கைக்கு நீளம் தடையன்று.

யந்திரத்துக்கோ அது பெருந்தடை. 1769-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆர்க்ரைட் உரிமை பெற்ற நூற்பு யந்திரத்தில், ஜோடி ஜோடியாகச் சுழலும் உருளைகள் பஞ்சை இழுத்து மெல்லிதாக்குகின்றன. ஓர் உருளை ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் உள்ள இடைவெளி மயிரின் நீளத்துக்கு இசைய அமைய வேண்டும். மயிர் குட்டையாயின், அது இரண்டிலும் பிடிபடாமல் நடுவே மிதக்கும். நூல் ஓரிடத்துத் தடித்தும் ஓரிடத்து நைந்தும் அறுந்துபோகும். ஆகவே லங்காஷயர் ஆலைகள் நீண்ட பஞ்சையே விரும்பின. கை பஞ்சுக்கு இசைந்தது. யந்திரமோ பஞ்சைத் தனக்கு இசையச் சொல்லிற்று. நாம் உணர வேண்டிய சரித்திர உண்மை இதுவே.

இந்தியாவிலும் அமெரிக்கப் பருத்தியை விளைவிக்க வேண்டுமென்று கிழக்கிந்தியக் கம்பெனியார் 1840-இல் அமெரிக்கத் தோட்டக்காரர்களை வருவித்தனர். நம் கோயமுத்தூர் ஜில்லாவில் 1842 முதல் சில ஆண்டுகள் ராபர்ட் வைட் என்னும் தாவர சாஸ்திரியின் மேற்பார்வையில் பரிசோதனைப் பண்ணைகள் நடந்தன. நம் மழைப் பருவமும் மண்ணும் அவ்விதைக்கு இசையவில்லை. முயற்சி வணிகப் பயன் தராது முடிந்தது. பின்னர் 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நிகழ்ந்த உள்நாட்டுப் போரினால் லங்காஷயர் பஞ்சின்றித் தவித்தபோது, நம் நாட்டுப் பஞ்சின் விலை விண்ணை எட்டிற்று. போர் முடிந்ததும் அவ்வாறே விழுந்தது. கடல் கடந்த ஆலையின் தேவையோடு நம் உழவனின் கலப்பை அன்றே பிணைக்கப்பட்டுவிட்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி என்னும் அமெரிக்க இனம் தமிழ்நாட்டில் புகுந்தது. கிணற்றுப் பாசனமுள்ள கோயமுத்தூர்த் தோட்டக்கால்களில் அது நன்கு தழைத்தது. 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் அந்நகரைச் சுற்றி நூல் ஆலைகள் பெருகின. திருப்பூரிலே பின்னலாடைத் தொழில் வேரூன்றிற்று. நாடு விடுதலையுற்ற 1947-ஆம் ஆண்டளவிலும் இந்தியப் பருத்தி நிலத்தில் நூற்றுக்குச் சுமார் 97 பங்கு நாட்டு இனங்களே நின்றன. அதன்பின் மாறுதல் விரைந்தது. 1970-இல் ஒட்டுவீரியப் பருத்தியும், 2002-இல் மரபணு மாற்றிய பருத்தியும் வந்தன. இன்று அவ்விகிதம் தலைகீழாயிற்று. நாட்டுப் பருத்தியைக் காண்பதே அரிதாயிற்று.

நடுநிலை தவறாது பேசுவோமாயின், இம்மாறுதலால் நாம் பெற்ற நன்மையையும் மறுத்தலாகாது. ஒரு ராத்தலில் 840 கெஜச் சிட்டம் எத்தனை அடங்குமோ அதுவே நூலின் நம்பர் என்பதை நெய்வோர் அறிவர். நாட்டுப் பஞ்சைக் கொண்டு ஆலையிலே 80-ஆம் நம்பரும் 100-ஆம் நம்பரும் நூற்றல் இயலாது. கோயமுத்தூர் ஆராய்ச்சியாளர் 1974-இல் அளித்த சுவின் என்னும் மிக நீண்ட பஞ்சு, உலகின் உயர்ந்த பஞ்சுகளோடு ஒப்ப வைத்து எண்ணப்படுவது. மெல்லிய வேட்டியும் சேலையும் நெய்து நம்மவர் பலர் பிழைப்பது இத்தகைய நூலினாலன்றோ?

ஆயினும் இழந்தது சிறிதன்று. நாட்டுப் பருத்தி மானாவாரியில் வறட்சியைத் தாங்கி நிற்பது. வட இந்தியாவில் அமெரிக்க இனப் பயிரை அழிக்கும் இலைச்சுருள் நச்சுநோய் நாட்டு இனத்தை வாட்டுவதில்லை. உழவன் தன் வயலிலேயே விதை எடுத்து மறு ஆண்டு விதைக்கலாம். ஒட்டுவீரிய விதையையோ ஆண்டுதோறும் விலைக்கு வாங்க வேண்டும். மேலும் நாட்டு இனத்தின் உயிரணுவில் 26 குரோமோசோம்களும், அமெரிக்க இனத்தில் 52-உம் இருப்பதால், இரண்டையும் கலந்தால் பிறப்பது பெரும்பாலும் மலடாகும். ஆகவே ஒன்றை இழந்தபின் மற்றொன்றிலிருந்து அதனை எளிதில் மீட்கலாம் என்று எண்ணுவதற்கில்லை.

இழந்ததைத் தேடுவது எத்துணை அரிது என்பதை வங்காளம் காட்டிற்று. டாக்கா மஸ்லினை மீட்க விரும்பினோர், அதன் பருத்திச் செடி எதுவென்றே அறியாமல் திகைத்தனர். லண்டன் கியூ தோட்டத்தில் பாதுகாக்கப்பட்டிருந்த உலர்ந்த செடியைத் துணைக்கொண்டு, நதிக்கரைகளில் அலைந்து தேடி, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று. ஒரு நாட்டின் பெருமையனைத்தும் அயல்நாட்டுப் பெட்டியிலுள்ள ஒரு சருகில் வந்து நிற்குமாயின், அதைவிட எச்சரிக்கை நமக்கு வேறென்ன வேண்டும்?

ஆதலின் அன்பர்களே! ஆலை நூலை விலக்குக என்று யாம் கூறவில்லை; அது ஆகாத காரியம். ஆனால் செய்யக்கூடியன சில உள. வாங்கும் நூல் எப்பஞ்சினது என்று வினவுங்கள். கனத்த துண்டு, ஜமக்காளம், போர்வை முதலிய குறைந்த நம்பர்ச் சரக்குகளுக்கு நாட்டுப் பஞ்சு நூல் கிடைக்குமிடத்து அதனை ஆதரியுங்கள்; வாங்குவோர் உண்டெனில் விதைப்போரும் உண்டாவர். கைராட்டினத்தில் நூற்ற முதியோர் உங்கள் இல்லத்தில் இருப்பின், அவர்தம் கைப்பழக்கத்தையும் சொற்களையும் கேட்டு எழுதி வையுங்கள். உங்கள் பிள்ளைகளிடம் ஒரு பருத்திக் காயைக் கொடுத்து, மயிரைப் பிரித்து இழுத்து முறுக்கிப் பார்க்கச் செய்யுங்கள்.

தறி நம்முடையது என்று பெருமை பேசுகின்றோம். விதையும் பஞ்சும் பிறர் வசமாயின், தறி மாத்திரம் நம்முடையதாய் எத்துணைக் காலம் நிற்கும் என்பதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சோடு ஆராய்வாராக.