மணலும் திரையும்

போன வருஷம் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு மாலை வகுப்பில் இணையவழி வினாடி வினா ஒன்றை நடத்திப் பார்த்தேன். திரையில் கேள்வி வரும், பிள்ளைகள் கைபேசியில் பதிலைத் தொடணும், உடனே யாருக்கு எத்தனை புள்ளின்னு பட்டியல் ஏறும். 22 பிள்ளைகளுக்கு 5 கைபேசி. கைபேசி கிடைத்தவர்கள் விளையாடினார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பாதியில் சிக்னலும் போச்சு.

திரும்பி வரும்போது இன்னொரு வகுப்பறை ஞாபகம் வந்தது. இங்கிருந்து சுமார் 30 கி.மீ. தெற்கே எழும்பூரில், 230 வருஷத்துக்கு முன்னால் இருந்த வகுப்பறை.

1789-ல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், எழும்பூரில் இருந்த ஆண் அனாதைகள் விடுதியின் மேற்பார்வையாளர் ஆனார். ஒருநாள் குதிரையில் போகும்போது ஒரு நாட்டுப் பள்ளியைப் பார்க்கிறார். பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுகிறார்கள். நம்ம பள்ளியிலும் இதைச் செய்யலாமே என்று சொன்னால், உதவி ஆசிரியர் முரண்டு பிடிக்கிறார். பெல் விடவில்லை. ஜான் ஃப்ரிஸ்கென் என்ற 8 வயசுப் பையனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். பையன் சாதித்துக் காட்டினான்! பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித் தருவது திண்ணைப் பள்ளிக்குப் புதுசில்லை. அதற்குச் சட்டாம்பிள்ளைன்னு பேரே உண்டு.

1796-ல் ஊருக்குக் கிளம்பிய பெல், அடுத்த வருஷம் இதை லண்டனில் சிறு நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் அது பரவியது. அவர் விட்டுச்சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் எழுந்த பள்ளிக்கு இன்றைக்கும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர்.

மணலில் அப்படி என்ன இருக்கு? ஒவ்வொரு பிள்ளையின் கையும் வேலை செய்யும். எல்லாருடைய பதிலும் ஒரே பார்வையில் தெரியும். தப்பு என்றால் தடவிவிட்டு மறுபடி எழுதலாம். 2013-ல் நார்வேயிலிருந்து வந்த கஹூட், ஸ்வீடனின் மென்டிமீட்டர் போன்ற கருவிகள் செய்ய நினைப்பதும் இதைத்தான்: கை தூக்கும் நாலு பேரோடு நிற்காமல் எல்லாரிடமும் பதில் வாங்குவது.

பெல்லைக் கொண்டாடவும் முடியாது. நன்றாகப் பதில் சொன்னவன் வரிசையில் மேலே, சொல்லாதவன் கீழே என்பது அவர் முறை. ஏழைப் பிள்ளைக்கு ரொம்பப் படிப்பு தேவையில்லை என்றும் நினைத்தவர். செலவு குறைவு என்பதால்தான் அவர் முறைக்கு அத்தனை வரவேற்பு. இன்றைய புள்ளிப் பட்டியல் அந்தப் பழைய வரிசையின் மறுபிறவிதான்.

அடுத்த வாரம் கேள்விகளை முன்கூட்டியே இறக்கி, என் ஒரே கைபேசியிலிருந்து திரையில் காட்டினேன். பிள்ளைகளுக்குப் பழைய தட்டுகளில் மணல். கடலோர ஊரில் அதற்கா பஞ்சம்! பட்டியல் கிடையாது. "அரையும் காலும் சேர்ந்தா எவ்வளவு? எழுதிட்டுக் காட்டுங்க" என்றேன்.

9 தட்டுகளில் ஆறில் இரண்டு என்று இருந்தது. மேலே உள்ளதை மேலேயும், கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறார்கள். முந்தின வாரம் அந்த 5 கைபேசிகளை நம்பியிருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது. அன்றைக்கு வேற பாடம் எதுவும் எடுக்கவில்லை. ஒரு தோசையை வரைந்து, அரையையும் காலையும் வெட்டிக் காட்டுவதிலேயே நேரம் போனது.

புதுக் கருவி எதைப் பார்த்தாலும் இப்போது ஒன்றுதான் கேட்கிறேன்: கைபேசி இல்லாத பிள்ளையின் பதில் இதில் எனக்குத் தெரியுமா?