ராஜா மறுபடியும் கீழே இருந்து ஆரம்பிச்ச கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு ரெட் கார்டுல ஆரம்பிக்குது.

2000 மே 17, கோபன்ஹேகன். யுஇஎஃப்ஏ கப் ஃபைனல், கலாட்டாசராய்க்கும் ஆர்சனலுக்கும். ரெண்டு பேருமே கோல் அடிக்கல. எக்ஸ்ட்ரா டைம்ல கலாட்டாசராயின் பெரிய ஸ்டாருக்கு ரெட் கார்டு. மீதி நேரத்தை பத்து பேரோட சமாளிச்சு, பெனால்டில கலாட்டாசராய் ஜெயிச்சது. ஒரு துருக்கி கிளப் ஜெயிச்ச முதல் ஐரோப்பியக் கோப்பை அது. வெளியே அனுப்பப்பட்ட அந்த ஸ்டார், ருமேனியாவின் கியார்கே ஹாஜி.

ருமேனியால அவருக்குப் பேரு 'ராஜா'. ஏன்னு புரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும். சௌஷெஸ்குவோட ஆட்சியில, ஒரு ருமேனிய ஸ்டார் வெளிநாட்டு கிளப்புக்கு ஆடப் போறது கிட்டத்தட்ட நடக்காத காரியம். 1989 டிசம்பர்ல அந்த ஆட்சி கவிழ்ந்தது. 1990-ல ஹாஜி ரியல் மாட்ரிட்ல. 1994 உலகக்கோப்பையில கொலம்பியாவுக்கு எதிரா இடது ஓரத்துல, ரொம்ப தூரத்துல இருந்து தூக்கி அடிச்ச பந்து கோல் கீப்பர் தலைக்கு மேல போய் உள்ளே விழுந்தது. அப்புறம் அர்ஜென்டினாவை 3-2-ன்னு வீழ்த்தி, ருமேனியா காலிறுதிக்குப் போச்சு. புரட்சி முடிஞ்சு வறுமையில தடுமாறிட்டு இருந்த ஒரு நாடு, அந்தக் கோடையில தலை நிமிர்ந்தது.

இப்படி ஒரு ஆள் கோச் ஆனா என்ன நடக்கும்? 2001-ல தேசிய அணியையே கையில கொடுத்தாங்க. பிளே-ஆஃப்ல ஸ்லோவேனியாகிட்ட தோத்து, 2002 உலகக்கோப்பை வாய்ப்பு போச்சு. பதவியும் போச்சு. கலாட்டாசராய் ரெண்டு தடவை கூப்பிட்டது. 2005-ல துருக்கி கப் ஃபைனல்ல பரம எதிரி ஃபெனர்பாச்சேவை 5-1-ன்னு நொறுக்கினார். அப்பவும் நிலைக்கல. 2010-ல வந்த ரெண்டாவது வாய்ப்பு சில மாசத்துலயே முடிஞ்சது.

இங்கதான் விஷயமே இருக்கு. ரசிகர்களோட அன்பு வேலை வாங்கிக் கொடுக்கும். பொறுமையை வாங்கிக் கொடுக்காது. மத்தவங்களை விட ராஜாகிட்டதான் அவசரமா அதிசயம் கேப்பாங்க.

ஆனா 2009-லயே ஹாஜி வேற ஒரு வேலையும் தொடங்கியிருந்தார். கான்ஸ்டான்ட்சா பக்கத்துல ஒவிடியுன்னு ஒரு சின்ன ஊர். சொந்தப் பணத்தைப் போட்டு அங்க பசங்களுக்கு ஒரு அகாடமி, கூடவே விட்டோருல்னு ஒரு கிளப். ருமேனிய மொழியில அதுக்கு 'எதிர்காலம்'னு அர்த்தம். 2014-ல அந்த டீமுக்கு அவரே கோச் ஆனார். 2017-ல, தொடங்கி எட்டே வருஷமான அந்த கிளப், எஃப்சிஎஸ்பியோட சமமான பாயின்ட்ஸ் எடுத்து, நேருக்கு நேர் கணக்குல முந்தி, லீக் சாம்பியன் ஆச்சு. 2021-ல விட்டோருல், ஹாஜி சின்ன வயசுல ஆடின ஃபாருல் கிளப்போட இணைஞ்சது. 2023-ல ஃபாருலும் அவரோட கோச்சிங்ல முதல் தடவையா சாம்பியன்.

இன்னும் ஒரு காட்சி மட்டும். 2024 யூரோ, ஸ்லோவாக்கியாவுக்கு எதிரான மேட்ச். ருமேனியாவுக்கு ஒரு பெனால்டி. ஃபவுல் வாங்கினது ஹாஜியோட மகன் யானிஸ். அடிச்சது ரஸ்வான் மரின். ரெண்டு பேருமே அந்த அகாடமியில வளர்ந்தவங்க. மேட்ச் 1-1, ருமேனியா குரூப்ல முதலிடம். யூரோல அவங்க குரூப்பைத் தாண்டினது 24 வருஷத்துக்கு அப்புறம். அதுக்கு முன்னாடி தாண்டினது 2000-ல, ஹாஜி நாட்டுக்காக ஆடின கடைசித் தொடர்ல.

அந்த பெனால்டி நடக்கும்போது ஹாஜி களத்துலயும் இல்ல, கோச் பெஞ்சுலயும் இல்ல. ஆனா 2009-ல அவர் ஆரம்பிச்ச வேலைதான் அங்க ஆடிட்டு இருந்தது.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.