கார்த்திகைக் கிழங்கு சொன்ன சேதி

கார்த்திகைப் பூவின் அழகைப் பாடியோர் பலர். அதன் அரசியலைப் பேசியோரும் பலர். நான் சொல்லவருவது மண்ணுக்குள் கிடக்கும் அதன் கிழங்கின் கதை.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வளரும் நம் பிள்ளைகள் பலர் இப்பூவைப் படத்தில்தான் கண்டிருப்பர். வேலியோரக் கொடியாக அறிந்த கிராமத்தவருக்கோ அது நஞ்சு. வற்றாளங்கிழங்கென்று எண்ணி அவித்துண்டவர்களும், உயிரை மாய்க்கவென்றே உண்டவர்களும் இலங்கை மருத்துவ இலக்கியத்தில் இடம்பெற்றுள்ளனர். 1966 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியான இலங்கை அறிக்கையொன்று, கிழங்கை உண்டு பிழைத்தவரின் முடியெல்லாம் உதிர்ந்ததைப் பதிந்தது.

ஏன் முடி?

நஞ்சின் பெயர் கொல்ச்சிசின். 1820 இல் பிரான்சில் பெல்லத்தியேயும் கவந்தூவும் ஐரோப்பியச் செடியொன்றிலிருந்து அதைப் பிரித்தனர். 1915 இல் நம் கார்த்திகைக் கொடியிலும் அது இருப்பது தெரிந்தது. அது உடலில் எதைப் பற்றுகிறது என்பதற்கு மட்டும் 1967 வரை விடையில்லை. சிக்காகோவில் பொரிசியும் டெய்லரும் கதிரியக்கக் குறியிட்ட கொல்ச்சிசினைப் பின்தொடர்ந்தபோது, அது ஒரே புரதத்தில் ஒட்டிக்கொண்டது. பின்னர் தியூபியூலின் எனப் பெயர்பெற்ற அப்புரதமே கலத்தின் சட்டகமான நுண்குழாய்களின் செங்கல். செங்கல் கெட்டால் குழாய் எழாது; கலம் பிரியாது. ஓயாது பிரியும் மயிர்வேரும் குடலும் எலும்பு மச்சையும் முதலில் வீழ்கின்றன.

கதை இதோடு முடிந்திருக்கலாம். 1979 இல் பென்-செயெவ், ஃபாமர், பென்மன் ஆகியோர் வேறொன்றைக் கண்டனர். கொல்ச்சிசின் இட்ட கலங்கள் புதிய தியூபியூலின் செய்வதையே நிறுத்திவிட்டன. குழாய்கள் குலைந்து செங்கற்கள் குவிய, அவற்றுக்கான கட்டளைப் பிரதிகளைக் கலமே அழிக்கிறதென்பது பின்னர் தெளிவாயிற்று. 1995 இல் ரோசெற்றும் கரினும் இன்னும் ஒரு படி சென்றனர்: நுண்குழாய்கள் குலைந்தால் என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் விழித்துக் கருவினுள் புகுந்து பரம்பரையலகுகளை இயக்குகிறது. வெறும் தூண் என்று கருதப்பட்ட சட்டகம் செய்தியும் அனுப்புகிறது! எனக்கு இதுவே வியப்பின் உச்சம்.

கவுட் எனும் மூட்டுவாதத்துக்கு நெடுங்காலம் கொடுக்கப்பட்ட அதே பொருளை, நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராம் அளவில் மாரடைப்பு அபாயத்தைக் குறைக்க 2023 இல் அமெரிக்கா அனுமதித்தது. அதற்கான விதைகளைத் திண்டுக்கல், திருப்பூர் விவசாயிகள் பயிரிடுகிறார்கள். கிழங்கை உண்டவருக்குக் கொடுக்கவோ, விற்பனையில் முறிமருந்து ஏதும் இன்றுவரை இல்லை.