மோன்ஃபோர் மருத்துவமனைப் போராட்டம்

மோன்ஃபோர் மருத்துவமனைப் போராட்டம் (1997–2002), கனடாவின் ஒன்டாரியோ மாகாண அரசு செலவைக் குறைப்பதற்காக மூட முனைந்த ஒரு பிரெஞ்சு மொழி மருத்துவமனையை பிரெஞ்சு பேசும் சமூகத்தினரே வழக்காடிக் காப்பாற்றிய நிகழ்வு. அதே காலத்தில் டொராண்டோவின் வெல்லெஸ்லி, பெம்ப்ரோக் நகரின் சிவிக் ஆகிய மருத்துவமனைகளும் நீதிமன்றம் சென்றன, இரண்டும் தோற்றன.

ஒட்டாவா நகரின் கிழக்குப் பகுதியில் கத்தோலிக்கக் கன்னியர் 1953-இல் தொடங்கிய மருத்துவமனை இது. ஆற்றைக் கடந்தால் கியூபெக், அங்கே பிரெஞ்சு பேசுவோர் பெரும்பான்மை. ஒன்டாரியோவிலோ 1990-களில் அவர்கள் சுமார் ஐந்து லட்சம் பேர். மக்கள்தொகையில் இருபதில் ஒரு பங்கு. 1912-இல் மாகாண அரசு பள்ளிகளில் பிரெஞ்சைக் கட்டுப்படுத்தியது. 1916-இல் ஒட்டாவாவின் கீக் பள்ளி வாசலில் தாய்மார்கள் தொப்பி ஊசிகளுடன் காவல் நின்று ஆசிரியைகளைப் பாதுகாத்தார்கள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த சமூகம்தான் மோன்ஃபோருக்காகத் திரண்டது.

1995-இல் கூட்டாட்சி அரசு மாகாணங்களுக்குத் தரும் நிதியைக் குறைத்தது. அதே ஆண்டு, வருமான வரியைக் குறைப்பதாக வாக்களித்து ஒன்டாரியோவில் ஆட்சிக்கு வந்த மைக் ஹாரிஸ், மருத்துவமனை மானியத்தில் மூன்றாண்டுகளில் 130 கோடி டாலரை வெட்டுவதாக அறிவித்தார். எந்த மருத்துவமனையை மூடுவது, எதை எதனுடன் இணைப்பது என்று தீர்மானிக்க 1996-இல் டங்கன் சின்க்ளேர் தலைமையில் ஓர் ஆணையம் அமைந்தது. அதன் உத்தரவுகள் மருத்துவமனைகளைக் கட்டுப்படுத்தும். அரசுக்கு இது வசதியான ஏற்பாடு: மிச்சம் கருவூலத்துக்கு, பழி ஆணையத்துக்கு.

1997 பிப்ரவரி 24 அன்று வெளியான ஆணையத்தின் ஒட்டாவா அறிக்கையில் மூட வேண்டியவற்றின் பட்டியலில் மோன்ஃபோரும் இருந்தது. வானியே நகரின் முன்னாள் மேயர் ஜிசேல் லலோந்த் தலைமையில் ‘எஸ்.ஓ.எஸ். மோன்ஃபோர்’ இயக்கம் உருவானது. மார்ச் 22 அன்று ஒட்டாவா சிவிக் சென்டர் அரங்கில் ஏறத்தாழ 10,000 பேர் கூடினார்கள். பச்சையும் வெள்ளையுமான தங்கள் கொடிகளை வீசி, மோன்ஃபோரை மூடவே விடமாட்டோம் என்று முழங்கினார்கள்.

ஆகஸ்டில் ஆணையம் சற்று இறங்கி வந்தது. மருத்துவமனை மூடப்படாது, ஆனால் தீவிர சிகிச்சை உட்பட முக்கியப் பிரிவுகள் போய்விடும். நோயாளிகள் இருமொழி மருத்துவமனைகளுக்குச் செல்லலாம் என்றார்கள். பல போராட்டங்கள் இப்படிப்பட்ட பாதி வெற்றியில்தான் கரைந்துபோகின்றன. லலோந்தும் தோழர்களும் அதை ஏற்க மறுத்து வழக்குத் தொடர்ந்தார்கள். வழக்கறிஞர் ரொனால்ட் காசா வாதாடினார்.

வழக்கின் வலிமை, படுக்கைக் கணக்கில் அவர்கள் சிக்கிக்கொள்ளாததில் இருந்தது. மாகாணத்திலேயே பிரெஞ்சுச் சூழலில் மருத்துவர்களுக்கு விரிவான பயிற்சி தரும் மருத்துவமனை அப்போது இது ஒன்றுதான். கடுமையான நோயாளிகள் வராத இடத்தில் பயிற்சி மருத்துவர் எதைக் கற்பார்? பயிற்சி நின்றால், அடுத்த தலைமுறைக்கு நோயாளியின் மொழியில் பேசும் மருத்துவர் எங்கிருந்து வருவார்? இருமொழி நிறுவனங்களில் நாளடைவில் ஆங்கிலமே மேலோங்கும் என்று சமூகவியலாளர் ரோஜர் பெர்னார் சாட்சியம் அளித்தார்.

1999 நவம்பர் 29 அன்று மாகாண நீதிமன்றம் ஆணையத்தின் உத்தரவை ரத்து செய்தது. அரசு மேல்முறையீடு செய்தது. 2001 டிசம்பர் 7 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. சமத்துவ உரிமை பற்றிய வாதத்தை நீதிபதிகள் ஏற்கவில்லை. மாறாக, சிறுபான்மையினரைப் பாதுகாப்பது கனடிய அரசமைப்பில் எழுதப்படாத அடிப்படைக் கோட்பாடு என்றும், ஆணையம் அதைக் கணக்கில் கொள்ளவே இல்லை என்றும் கூறினார்கள். 1986-ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சேவைச் சட்டமும் துணைநின்றது. 2002 பிப்ரவரியில், உச்ச நீதிமன்றம் செல்லப்போவதில்லை என்று அரசு அறிவித்தது. மருத்துவமனை பின்னர் பெரிதாக விரிவாக்கப்பட்டது.

தீர்ப்புக்கு எல்லையும் உண்டு. ரத்தானது ஓர் ஆணையத்தின் உத்தரவு, சட்டமன்றம் இயற்றிய சட்டமல்ல. எழுதப்படாத கோட்பாடுகளை மட்டும் கொண்டு சட்டத்தைச் செல்லாததாக்க முடியாது என்று டொராண்டோ மாநகராட்சி வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. இனி ஒரு மாகாண அரசு ஆணையத்தை விட்டுவிட்டுச் சட்டத்தின் வழியே மருத்துவமனையை மூட முனைந்தால், மோன்ஃபோர் வாதத்தை மட்டும் நம்பி அதைத் தடுப்பது கடினம்.