அம்பும் ஆய்வும் அளவுகோலும்

போட்டி எதுவாயினும் அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். ஓட்டப் பந்தயத்தில் கடிகாரமும், பளுதூக்கும் களத்தில் எடையும் வென்றவர் யாரென்று சொல்லிவிடுகின்றன. பணத்தைப் பெருக்கும் போட்டியில் இது இன்னும் எளிதாக இருக்க வேண்டும் என்றே எவரும் நினைப்பர். நூறு வெள்ளியை நூற்றிருபது ஆக்கியவர், நூற்றுப்பத்து ஆக்கியவரைவிட வல்லவர். இதில் ஐயத்திற்கு இடமேது?

ஆனால், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் நிகழ்ந்த இரண்டு பங்குத் தேர்வுப் போட்டிகளின் வரலாற்றைப் படிப்போர் அவ்வாறு துணிந்து கூறத் தயங்குவர். ஒன்று, நாளேடு ஒன்று வல்லுநர்களுக்கும் எறியம்புகளுக்கும் இடையே வைத்த வேடிக்கைப் பந்தயம். மற்றொன்று, ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றின் பெண்மணிகள் தமக்குள் கூடிப் பங்கு வாங்கிய கதை. இரண்டும் தோழமையோடு தொடங்கின. இரண்டிலும் பங்குகளைத் தேர்ந்தெடுப்பதைவிட, அவற்றின் பயனை அளப்பதே கடினமான பணியாக முடிந்தது.

குரங்கு எறிந்த அம்பு

பங்கு என்பது ஒரு நிறுவனத்தின் உடைமையில் ஒரு சிறு கூறு. நிறுவனம் தழைத்தால் பங்கின் விலை ஏறும். அது ஈட்டிய இலாபத்தில் ஒரு பகுதி ஈவுத்தொகையாக வந்து சேரும். எனவே, தழைக்கப்போகும் நிறுவனத்தை முன்னரே கண்டறிவது தனியொரு திறமை என்று நெடுங்காலமாக நம்பப்பட்டு வந்தது. அத்திறமையை விலைக்கு விற்கும் வல்லுநர் கூட்டமும் நியூயார்க் நகரின் வால் ஸ்திரீட்டில் பெருகிற்று.

அந்த நம்பிக்கையை 1973-ஆம் ஆண்டில் ஒரு நூல் அசைத்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் பர்ட்டன் மால்கீல் அதன் ஆசிரியர். கண்ணைக் கட்டிவிட்ட குரங்கு ஒன்று நாளேட்டின் பங்குவிலைப் பக்கத்தின்மீது அம்புகளை எறிந்து தேர்ந்தெடுக்கும் பங்குகள், வல்லுநர் ஆய்ந்து தேர்ந்தெடுக்கும் பங்குகளுக்குச் சற்றும் குறைந்தவையாக இரா என்று அவர் வாதிட்டார். ஒரு நிறுவனத்தைப் பற்றி அறியத்தக்க செய்திகளை ஆயிரக்கணக்கானோர் ஏற்கெனவே அறிந்து, அதற்கேற்ப விலையை ஏற்றியோ இறக்கியோ விடுகின்றனர். ஆதலால், இன்றைய விலையைக் கொண்டு நாளைய விலையைச் சொல்ல இயலாது என்பதே அவ்வாதத்தின் சாரம்.

நகைச்சுவைபோல் தோன்றும் இக்கருத்துக்கு முன்னோடியும் உண்டு. 1967-ஆம் ஆண்டில் ஃபோர்ப்ஸ் இதழின் ஆசிரியர்கள் நாளேட்டின் பங்குப் பக்கத்தைச் சுவரில் பொருத்தி, அதன்மீது அம்புகளை எறிந்தனர். அம்பு பட்ட 28 நிறுவனங்களில் தலைக்கு 1,000 டாலர் முதலிட்டதாக ஏட்டில் மட்டும் எழுதி வைத்தனர். பதினேழு ஆண்டுகள் கழித்து, 1984-இல் கணக்குப் பார்த்தபோது, ஈவுத்தொகையையும் சேர்த்து அந்த 28,000 டாலர் ஏறத்தாழ 131,700 டாலராகப் பெருகியிருந்தது. ஆண்டுக்கு 9.5 விழுக்காட்டு வளர்ச்சி அது. அதே காலத்தில் அந்த அளவை எட்டிய வல்லுநர் மிகச் சிலரே.

நாளேட்டின் பந்தயம்

மால்கீலின் குரங்கை மெய்யாகவே களத்தில் இறக்கிப் பார்க்க விரும்பியது ‘வால் ஸ்திரீட் ஜர்னல்’ என்னும் நாளேடு. 1988-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் பந்தயம் தொடங்கியது. வல்லுநர் நால்வர் ஆளுக்கொரு பங்கைக் காரணங்காட்டித் தேர்ந்தெடுப்பர். குரங்குக்கு மாற்றாக அந்நாளேட்டின் ஊழியர்கள் அம்பெறிந்து நான்கு பங்குகளைத் தேர்ந்தெடுப்பர். குறித்த காலம் முடிந்ததும் இருசாராரின் பங்குகளும் எவ்வளவு ஏறின, எவ்வளவு இறங்கின என்று வெளியிடப்படும். முன்னணியில் நின்ற வல்லுநர் இருவர்க்கு அடுத்த சுற்றிலும் இடமுண்டு. பின்தங்கியவர் விலகிக்கொள்ள வேண்டும். முதலில் ஒரு திங்களாக இருந்த போட்டிக் காலம் 1990 முதல் ஆறு திங்களாக நீட்டப்பட்டது.

1998-இல் நூறு போட்டிகளின் தொகுப்பு முடிவு வெளியாயிற்று. நூற்றில் 61 முறை வல்லுநர்கள் அம்பை வென்றிருந்தனர். அவர்களுடைய பங்குகள் சராசரியாக 10.8 விழுக்காடும், அம்பு தேர்ந்தவை 4.5 விழுக்காடும் உயர்ந்திருந்தன. முப்பது பெரு நிறுவனங்களின் விலைப்போக்கைக் காட்டும் டௌ ஜோன்ஸ் குறியீட்டின் உயர்வு 6.8 விழுக்காடு. குரங்கு தோற்றது, கல்வி வென்றது என்றே மேலோட்டமாகப் படித்தவர் முடிவு கட்டினர்.

பொருளியலறிஞர்கள் அங்கே நிற்கவில்லை. அளவுகோலையே எடுத்து ஆராயத் தலைப்பட்டனர். முதலாவதாக, வல்லுநர்கள் அந்தக் குறியீட்டை வென்றது நூற்றில் 51 முறைதான். நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா பார்த்தாலும் ஏறத்தாழ அவ்வளவே கிட்டும். இரண்டாவதாக, வல்லுநரின் பெயரோடு நாளேட்டில் ஒரு பங்கு வெளியான அன்றே வாசகர்கள் அதை வாங்க முண்டியடித்தனர். பிராட் பார்பர், டக்ளஸ் லோஃப்ளர் ஆகிய இருவரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வின்படி, செய்தி வந்த இரு நாட்களில் அப்பங்குகள் வழக்கத்தை மீறிச் சராசரியாக 4 விழுக்காடு ஏறின; அடுத்த 25 சந்தை நாட்களில் அவ்வேற்றத்தின் ஒரு பகுதி மறைந்தது. முன்கூட்டிச் சொன்னது பலித்தது என்பதைவிட, சொன்னதனாலேயே ஓரளவு பலித்தது என்பதே பொருத்தம். அம்பு தேர்ந்த பங்குக்கோ இத்தகைய பின்தொடர்வோர் இல்லை.

மூன்றாவதாக, வல்லுநர் தேர்ந்தவை பெரும்பாலும் வேகமாக ஏறி வேகமாக இறங்கும் இயல்பின; அவற்றில் இடரும் மிகுதி. நான்காவதாக, போட்டிக் கணக்கு விலையேற்றத்தை மட்டுமே பார்த்தது, ஈவுத்தொகையைச் சேர்க்கவில்லை. அம்பு பட்ட பங்குகளோ ஈவுத்தொகையை மிகுதியாகத் தருவனவாக இருந்தன. இவையனைத்தையும் சீர்தூக்கியபோது வல்லுநரின் பெருவெற்றி சுருங்கிச் சிறுத்தது. பிற்காலத்தில் வாசகர்களும் அம்போடு மோத அழைக்கப்பட்டனர். வல்லுநர்களோடு நடந்த பந்தயம் 2002-இல் நிறைவுற்றது.

தோழமைக் கழகங்கள்

வல்லுநரும் நாளேடும் ஒருபுறமிருக்க, பொதுமக்களும் இக்களத்தில் இறங்கியிருந்தனர். 1940-ஆம் ஆண்டில் டிட்ராய்ட் நகரில் சில இளைஞர்கள் முதலீட்டுக் கழகம் ஒன்றைத் தோற்றுவித்தனர். திங்கள்தோறும் ஆளுக்குப் பத்து டாலர் சேர்த்து, கூடிப் பேசிப் பங்கு வாங்குவது அவர்கள் வழக்கம். தவறாமல் முதலிடுக, கிடைத்த ஈவை மீண்டும் முதலாக்குக, வளரும் நிறுவனங்களையே நாடுக என்பன அவர்கள் வகுத்துக்கொண்ட நெறிகள். 1951-இல் இத்தகைய கழகங்களை இணைத்து ஒரு தேசிய சங்கம் அந்நகரிலேயே அமைந்தது. நாளடைவில் நாடெங்கும் கழகங்கள் பெருகின. ஆண்டுதோறும் எந்தக் கழகம் முந்தியது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் நட்புப் போட்டியும் அதனுடன் வளர்ந்தது.

இல்லினாய் மாநிலத்தின் பியர்ட்ஸ்டவுன், இல்லினாய் ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர். 1983-இல் அவ்வூர்ப் பெண்மணிகள் சிலர் ஒரு கழகம் தொடங்கினர். வங்கியிலும் பள்ளியிலும் பண்ணையிலும் உழைத்தவர்கள். பலர் முதுமையை எட்டியவர்கள். திங்கள்தோறும் 25 டாலர் சந்தா கட்டி, நிறுவனங்களின் அறிக்கைகளைப் படித்து, வாக்கெடுத்துப் பங்கு வாங்கினர். தேசிய சங்கம் ஆறு ஆண்டுகள் அவர்களைச் சிறந்த கழகங்களுள் ஒன்றாகப் பாராட்டியது. தொலைக்காட்சி அழைத்தது. 1994-இல் அவர்கள் பெயரில் ஒரு நூல் வெளிவந்தது. முதலீட்டு அறிவுரையோடு சமையல் குறிப்புகளும் கலந்த அந்நூல் 800,000 படிகளுக்குமேல் விற்றது. பத்தாண்டுகளில் அவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 23.4 விழுக்காடு ஈட்டினர் என்னும் செய்தியே அதன் உயிர்நாடி. வால் ஸ்திரீட் வல்லுநரைப் பாட்டிமார் வென்றனர் என்று கேட்டபோது மகிழாத உள்ளம் எது?

சந்தாவும் இலாபமும்

1998-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிக்காகோவிலிருந்து வெளிவரும் இதழ் ஒன்றின் எழுத்தாளர், நூலின் பதிப்புரிமைப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்த ஒரு குறிப்பைக் கண்டார். அவர்கள் காட்டிய வளர்ச்சியில் உறுப்பினர் கட்டிய சந்தாவும் அடங்கும் என்பது அக்குறிப்பின் பொருள்.

இதன் விளைவை ஒரு பள்ளிக் கணக்கால் விளக்கலாம். பதினாறு பேர் ஆளுக்கு 100 வெள்ளி போட்டு ஒரு கழகம் தொடங்குவதாகக் கொள்வோம். கையிருப்பு 1,600 வெள்ளி. திங்கள்தோறும் ஆளுக்கு 25 வெள்ளி செலுத்தினால், ஓராண்டில் 4,800 வெள்ளி சேரும். அவர்கள் வாங்கிய பங்குகளின் விலை ஒரு காசும் ஏறாவிடினும், ஆண்டிறுதியில் கையிருப்பு 6,400 வெள்ளி! நான்கு மடங்கு பெருகியதாக ஏடு காட்டும், ஈட்டியதோ ஒன்றுமில்லை. உண்டியலில் போட்ட காசை உண்டியல் ஈன்ற காசு என்று எண்ணுவது போன்றது இது.

கழகத்தினர் தம் கணக்கை மூடி மறைக்க முயலவில்லை. பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்னும் புகழ்பெற்ற தணிக்கை நிறுவனத்திடம் ஏடுகளை ஒப்படைத்தனர். அந்தப் பத்தாண்டுகளில் மெய்யாகக் கிடைத்தது ஆண்டுக்கு 9.1 விழுக்காடே என்று தணிக்கை கூறிற்று. கணிப்பொறியில் விவரங்களை இட்டபோது நேர்ந்த பிழை என்று பெண்மணிகள் விளக்கி, வருத்தம் தெரிவித்தனர். அதே காலத்தில் ஐந்நூறு பெரு நிறுவனங்களின் போக்கைக் காட்டும் ஸ்டாண்டர்டு அண்டு பூவர்ஸ் குறியீடு ஆண்டுக்கு 14.9 விழுக்காடு வளர்ந்திருந்தது. எதையும் ஆராயாமல் அந்த ஐந்நூறையும் அளவறிந்து வாங்கிவைத்தவர் பாட்டிமாரை வென்றிருப்பார்.

வேறுபாட்டின் பருமனைக் கூட்டுவட்டிக் கணக்கு காட்டும். 10,000 டாலர் ஆண்டுக்கு 23.4 விழுக்காடு வளர்ந்தால் பத்தாண்டில் ஏறத்தாழ 81,900 டாலர், 14.9 விழுக்காடாயின் 40,100, 9.1 விழுக்காடாயின் 23,900. முதல் எண்ணை நம்பித் தம் முதுமைக்கால வாழ்வைத் திட்டமிட்ட வாசகர் எத்துணை ஏமாற்றம் அடைந்திருப்பர்! நூலை வாங்கியோர் சிலர் வழக்கும் தொடுத்தனர்.

ஆயினும் இப்பெண்மணிகளை எள்ளி நகையாடுவது நேர்மையாகாது. அவர்கள் சேமிப்பு அழிந்துவிடவில்லை, பெருகவே செய்தது. திங்கள்தோறும் சேமித்தல், வாங்குமுன் படித்தல், அவசரப்பட்டு விற்காதிருத்தல் ஆகிய அவர்களுடைய பழக்கங்கள் அன்றும் இன்றும் நல்லவையே. முதலீடு என்பது செல்வர்க்கும் ஆடவர்க்கும் மட்டும் உரியதன்று என்று எண்ணற்ற பெண்களுக்கு அவர்கள் துணிவூட்டினர். குறை இருந்தது தேர்வில் அன்று, எண்ணிக்கையில். அந்தக் குறை அவர்களிடம் மட்டுமா இருந்தது? பாராட்டிய சங்கமும் பதிப்பித்த நிறுவனமும் போற்றிய ஊடகமும் வாங்கிய வாசகரும், இந்த எண் எவ்வாறு வந்தது என்று ஆண்டுக்கணக்கில் கேட்கவில்லை. கேட்டவர் ஒருவர், அவர் கேட்டதும் உண்மை வெளிப்பட்டது.

நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமையாக்கினார் வள்ளுவர். அக்கோல் பிறர் பொருளை நிறுக்கும்போது மட்டுமன்றி, நம் வெற்றியை நிறுக்கும்போதும் கோணாதிருக்க வேண்டும். வகுப்பறையில் கூட்டுவட்டி கற்கும் மாணவர்க்கு பியர்ட்ஸ்டவுன் கதையைச் சொல்லும் ஆசிரியர், கணக்குப் பாடத்தோடு ஒழுக்கப் பாடமும் நடத்தியவராவார். ஒரு பெரிய எண்ணைக் கண்டவுடன் கைதட்டுவதற்குமுன், அதில் போட்டது எவ்வளவு, விளைந்தது எவ்வளவு என்று பிரித்துக் கேட்க அம்மாணவர் கற்றுக்கொண்டால், அந்தப் பெண்மணிகளின் பிழையும் பயனற்றுப் போகவில்லை எனலாம்.